கொத்தாயியும் மொட்டைக் கமிட்டியும்

“நாம சொன்னது தப்பாப் போச்சு, சுணங்கி!”

பாறை உச்சியிலிருந்து இந்தப் பேச்சு காதில் விழுந்தபோது, கொத்தாயி என்கிற மரங்கொத்தி கீழே இலவ மரத்தில் எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டெறும்பு அலகுக்குப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் துடித்தது. அதை விழுங்கக்கூட மறந்து நின்றாள்.

பேசியவர் வெண்கழுத்தார். அந்தக் காட்டின் நலக் குழுவுக்குத் தலைவர். குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் பாறு கழுகுகள். ஒருவர் தலையிலும் ஒரு மயிர் கிடையாது. அதனால் காட்டில் யாரும் நலக் குழு என்று சொல்வதில்லை. ‘மொட்டைக் கமிட்டி’ என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். முகத்துக்கு நேரே போவதே குறைவு. அவர்கள் வாய் நாற்றம் அப்படி!

நலம் பார்க்கிற வேலையைப் பிணம் தின்கிறவர்களிடம் யாராவது கொடுப்பார்களா என்று நினைக்கலாம். ஆனால் யார் செத்தாலும் வயிற்றைப் பிரித்துப் பார்ப்பது அவர்கள்தான். எதைத் தின்று செத்தான், எதைக் குடித்துச் செத்தான் என்பது வேறு யாருக்கும் தெரியாது. பார்த்த கையோடு சாப்பிட்டும் விடுவார்கள். அது அவர்கள் சம்பளம்.

அது கோடைக்காலம். காட்டில் இரண்டு இடத்தில்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது. ஒன்று நாவல் மடு. பக்கத்திலேயே இருந்தது. நல்ல நிழல். இன்னொன்று மேட்டுச் சுனை. கல்லும் முள்ளுமாக மலை ஏறிப் போனால் ஒரு குழியில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கும். வரிசையில் நின்று குடிக்க வேண்டும். முன்னால் நிற்பது யானை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மடுவுக்கு மேல்பக்கம் ஒரு காட்டெருமை நோய் வந்து செத்துக் கிடந்தது. கமிட்டி போய்ப் பிரித்துப் பார்த்தது. “நோய் மடுத் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. காலையில் குடிக்கலாம். வெயில் ஏறிய பிறகு குடிக்காதீர்கள்!” என்று அறிவித்தது. எல்லாரும் அப்படியே செய்தார்கள்.

கொஞ்ச நாளில் அறிவிப்பு மாறியது. “காலையிலும் குடிக்காதீர்கள். மழை வரும்வரை மடுப் பக்கமே போகாதீர்கள். எல்லாரும் சுனைக்குப் போங்கள்!”

ஏன் மாற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கொத்தாயி நேரிலேயே போய்க் கேட்டாள்.

“ஐயா, அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு சொன்னா எப்படிங்க? என்ன காரணம்னு சொன்னீங்கன்னா எழுதிப் போடுவேன்.”

வெண்கழுத்தார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“மரத்தைக் கொத்துறவளுக்குக் குடல் சமாச்சாரம் எதுக்கு? போ, போய்ப் புழு தேடு!”

மற்ற கழுகுகள் சிரித்தன. சுணங்கி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு எதுவுமே கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும். கொத்தாயி பாதி வழி பறந்து போன பிறகு பின்னாலிருந்து அவள் சிரிப்பு தனியாகக் கேட்டது.

அந்தச் சிரிப்புதான் கொத்தாயிக்கு ரொம்ப நாளாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இப்போது அதே வெண்கழுத்தார், தன் வாயாலேயே, தப்பு என்கிறார்!

மேலே அவர் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். கொத்தாயி அடுத்த வார்த்தைக்கு நிற்கவில்லை. எறும்பைத் துப்பிவிட்டுப் பறந்தாள்.

அவள் பறந்து போனது தன் மருத மரத்துக்கு.

மடுவுக்குப் போகிற வழி ஓரிடத்தில் இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே இடுக்காகப் போகும். அந்த இடுக்கின் ஓரத்தில் பட்டுப்போன மருத மரம் ஒன்று நின்றது. உச்சிப் பொந்தில் கொத்தாயி குடியிருந்தாள். மரம் முழுக்க அவள் எழுத்துதான். தினம் காலையில் டொக் டொக் என்று எதையாவது கொத்தி வைப்பாள். ‘மயில் ஐயா தோகை உதிர்ந்துவிட்டது, ஒரு மாதத்துக்கு வெளியே வரமாட்டார்.’ ‘கரடி வீட்டில் குறட்டைச் சத்தம் குறைந்திருக்கிறது, காரணம் தெரியவில்லை.’ தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுத்தான் போவார்கள். நேரில் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசக் கூச்சப்படுகிறவள் அவள். ஆனால் மரத்தில் கொத்த ஆரம்பித்தால் புலியைக்கூட விடமாட்டாள்.

படிக்கத் தெரியாதவர்களுக்குக் குக்குறுவான் இருந்தான். அதே மரத்தில் கீழ்ப் பொந்தில் குடியிருக்கிற பச்சைக் குருவி. மேலே என்ன கொத்தினாலும் அதைக் காடு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே இருப்பான். ஒரு தடவை கத்தினால் திருப்தி வராது. சாயங்காலம் வரை கத்துவான்.

அன்றைக்குக் கொத்தாயி வழக்கத்தைவிடப் பெரிதாக, வழக்கத்தைவிட உயரத்தில் கொத்தினாள். மரத்தூள் பறந்தது.

‘மொட்டைக் கமிட்டி தப்பை ஒப்புக்கொண்டது! மடுத் தண்ணீரில் ஒன்றும் இல்லை. அவர்கள் மட்டும் அதிலேயே குடித்து, அதிலேயே குளிக்கிறார்கள். நாம் மலை ஏறிச் சாக வேண்டுமா?’

குக்குறுவான் படித்தான். கண் விரிந்தது.

“கொத்தாயி! அம்மாடி, இதுல என்னா தாளம்! மலை ஏறிச் சாகணுமா, மலை ஏறிச் சாகணுமா... பாட்டு மாதிரியே இருக்கே!”

அவ்வளவுதான். உச்சி வெயிலுக்குள் காடு முழுக்கத் தெரிந்துவிட்டது. இடுக்கு வழியில் கூட்டம் கூடியது. முன்னால் நின்றவன் கட்டையன். பெரிய காட்டுப்பன்றி.

“நான்தான் அப்பவே சொன்னேன்ல!” என்று உறுமினான். அவன் அதுவரை எதுவுமே சொன்னதில்லை. “நாம செத்தா யாருக்கு லாபம்? அந்த மொட்டைங்களுக்குத்தானே! அதான் நம்மள மலை ஏத்தி உயிரை எடுக்குறானுங்க!”

“ஆமாமா!” என்றன புள்ளிமான்கள்.

“கொத்தாயி ஒருத்திக்குத்தான்யா தைரியம்!” என்றது ஒரு மந்தி.

கொத்தாயி மேலே பொந்துக்குள் இருந்து அலகை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொண்டை தானாக நிமிர்ந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. பசியும் எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கீழே மெல்ல ஒரு குரல் கேட்டது.

“அக்கா...”

தும்பை. சருகுமான். காய்ந்த இலைக்குள் நின்றால் இலை எது, மான் எது என்று தெரியாது. அத்தனை சின்ன உருவம். அவள் காலடியில் இன்னும் சின்னதாக ஒன்று நின்றது. அவள் குட்டி எள்ளு.

“அக்கா, நெசமாவே குடிக்கலாமா? சுனைக்கு இவளால ஏற முடியலை. நேத்து பாதி வழியிலேயே உக்காந்துட்டா. ஆனா பயமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கூட்டிட்டுப் போயிருவேன்.”

கொத்தாயிக்கு ஒரு நொடி என்னவோ போல இருந்தது. மேலே பாறையில் வெண்கழுத்தார் அதற்கப்புறம் என்ன சொன்னார்? கேட்டிருக்கலாமோ? ஆனால் நாள் முழுக்கப் பாராட்டு வாங்கியிருந்தாள். அந்த நேரத்தில் ‘தெரியாது’ என்று சொல்ல நாக்கு வரவில்லை.

“அதான் எழுதியிருக்கேன்ல, தும்பை!”

“சரிக்கா,” என்று தும்பை குட்டியோடு மடுவுக்கு இறங்கினாள்.

சில நாள் எல்லாம் நன்றாகவே போனது. கட்டையன் தினமும் மடுவில் புரண்டுவிட்டு வந்து, “எனக்கு என்ன ஆச்சு பாருங்க! ஒண்ணும் ஆகலையே!” என்று காட்டுவான். கமிட்டி ஆட்கள் வந்து கத்தினார்கள். குக்குறுவான் அவர்களைவிடச் சத்தமாகக் கத்தினான்.

அப்புறம் ஒரு காலையில் எள்ளு எழுந்திருக்கவில்லை.

தும்பை மருத மரத்தடிக்கு வந்து நின்றாள். அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“அக்கா, எள்ளு கண்ணு திறக்க மாட்டேங்கிறா. வயிறு ஊதியிருக்கு. கால் நாலும் சில்லுனு இருக்கு. நீங்க வந்து ஒரு தடவை பாருங்களேன்.”

கொத்தாயி போய்ப் பார்த்தாள். சருகுக்குள் எள்ளு கிடந்தாள். மூச்சு வந்து வந்து போனது. ஒரு ஈ அவள் கண்ணோரத்தில் உட்கார்ந்தது. அதை விரட்ட அவள் காதைக்கூட ஆட்டவில்லை.

கொத்தாயி நேரே பாறை உச்சிக்குப் பறந்தாள். போகிற வேகத்தில் கூச்சம் எங்கேயோ விழுந்துவிட்டது.

“ஐயா! அன்னைக்கு ‘நாம சொன்னது தப்பு’ன்னு சொன்னீங்களே, என்ன தப்பு?”

வெண்கழுத்தார் இரண்டு கண்ணையும் திறந்தார்.

“அன்னைக்கு நீ கீழதான் இருந்தியா?”

“இருந்தேன். சொல்லுங்க!”

“முதல்ல, காலையில குடிக்கலாம்னு சொன்னோமே, அதுதான் தப்பு. எங்களை நம்பி காலையில மட்டும் குடிச்ச முயல் ஒண்ணு செத்துப்போச்சு. பிரிச்சுப் பாத்தோம். எருமைக்கு வந்த அதே நோவு. ஆரம்பத்துலயே முழுசாத் தடுத்திருக்கணும். அதைத்தான் சுணங்கிகிட்ட சொல்லிட்டிருந்தேன்.”

கொத்தாயிக்குச் சிறகு தொங்கிப்போயிற்று.

“அப்ப நீங்க மட்டும் அங்க குடிக்கிறீங்களே?”

“எங்க வயித்துல எலும்பே கரையும். இந்த நோவு எங்களை என்ன பண்ணும்? சுனைத் தண்ணி கொஞ்சமா இருக்கு, அதையும் நாம குடிச்சா மத்தவங்களுக்கு இருக்காதுன்னுதான் அங்க போறோம்.”

“நாங்க செத்தா உங்களுக்கு லாபம்னு...” கொத்தாயியால் முடிக்க முடியவில்லை.

வெண்கழுத்தாருக்குச் சிரிப்பு வந்தது. நாற்றமும் சேர்ந்து வந்தது.

“அடி பைத்தியக்காரி! நீங்க செத்தா எங்களுக்கு விருந்துதான். யாரு இல்லேன்னா? அப்ப நாங்க என்ன சொல்லியிருக்கணும்? ‘மடுவுல போய் நல்லாக் குடிங்கப்பா’ன்னு சொல்லிட்டு இலையைப் போட்டு உக்காந்திருக்கணும்! குடிக்காதீங்க குடிக்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்திட்டு நாங்க பட்டினி கிடக்கிறோம். உங்களைக் குடிக்கச் சொன்னது யாரு?”

கொத்தாயி தலையைக் குனிந்தாள். இந்தக் கேள்வி காட்டில் ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை. தன் மண்டையிலும்தான்.

அப்புறம் மெதுவாக நிமிர்ந்தாள்.

“தப்பு என்னோடதுதாங்க. ஆனா ஐயா, அந்த முயல் கதையை அன்னைக்கு நான் கேட்டப்பவே சொல்லியிருந்தீங்கன்னா?”

வெண்கழுத்தார் வேறு பக்கம் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார்.

“தப்பாச் சொல்லிட்டோம்னு ஒத்துக்கிட்டா யாரு மதிப்பா?”

“இப்ப மட்டும் யாரு மதிக்கிறாங்க?”

சுணங்கி சிரித்தாள். இந்தத் தடவை உடனேயே சிரித்துவிட்டாள். தலைவர் முறைத்தார்.

“எள்ளுவைக் காப்பாத்த வழி சொல்லுங்க!”

“செத்த பிறகுன்னா எல்லாம் சொல்லுவேன். உசுரோட இருக்கிறவங்களைப் பத்தி எங்களுக்கு அவ்வளவா பழக்கம் இல்லை,” என்றார் வெண்கழுத்தார். பிறகு யோசித்தார். “செத்தவங்க எல்லாருக்கும் உடம்புல ஒரு சொட்டு ஈரம் இல்லாம வத்திப் போயிருந்துச்சு. அதனால, விடாம நல்ல தண்ணி குடுத்துப் பாரு. கொஞ்சம் கொஞ்சமா. பொழைச்சாலும் பொழைக்கும்.”

கொத்தாயி திரும்பி வந்தாள். வந்ததும் முதலில் திருத்தம் எழுதினாள். எங்கே எழுதினாள் என்பதைத்தான் சொல்ல வேண்டும். மேலே, பழைய எழுத்துக்குப் பக்கத்தில், இடம் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே எழுத வெட்கமாக இருந்தது. அடியில், வேரோரமாக, புல் மறைக்கிற இடத்தில், பொடி எழுத்தில் கொத்தினாள்.

‘திருத்தம்: மடுத் தண்ணீர் பற்றி முன்பு எழுதியது சரியல்ல.’

அதை ஒரு எறும்பு படித்தது. அதற்குப் பிறகு கட்டையன் வந்து அந்த இடத்தில் முதுகைச் சொறிந்து, சேற்றைப் பூசிவிட்டுப் போனான்.

“குக்குறு, அதைக் கொஞ்சம் கத்தேன்!” என்று கொத்தாயி கெஞ்சினாள்.

குக்குறுவான் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது போல அலகைச் சுளித்தான். “இதுல தாளமே இல்லையே! ‘சரியல்ல’வாம். இதை யாரு கேப்பா?”

கொத்தாயி சுனைக்குப் பறந்தாள். இலவம் பஞ்சை அலகால் சுருட்டி, தண்ணீரில் நனைத்து, எடுத்துக்கொண்டு வந்தாள். வழியிலேயே பாதி சொட்டிவிட்டது. மிச்சத்தை எள்ளுவின் வாயில் பிழிந்தாள். மறுபடி சுனை. மறுபடி பஞ்சு. சிறகு எரிந்தது. தும்பை குட்டியின் முகத்தை நக்கிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள்.

“அக்கா, வேருகிட்ட என்னமோ எழுதியிருக்கீங்களாமே. எறும்பு சொல்லிச்சு.”

“ஆமா, தும்பை. திருத்தம் போட்டுட்டேன்.”

“மேல எழுதினதை எங்க எல்லாருக்கும் எழுதினீங்க. கீழ எழுதினது யாருக்குக்கா?”

கொத்தாயி பஞ்சைக் கீழே வைத்தாள். நேரே மரத்துக்குப் போனாள். பழைய எழுத்துக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், அதே அளவில் கொத்தினாள்.

‘நான் பாதி கேட்டுவிட்டு எழுதினேன். மடுத் தண்ணீரில் நோய் இருக்கிறது. யாரும் குடிக்காதீர்கள்! என்னை நம்பிக் குடித்த எள்ளு சாகக் கிடக்கிறாள்.’

கூட்டம் கூடியது. கட்டையன் படித்தான். கண்ணைச் சுருக்கினான்.

“ஓகோ! உன்னையும் வாங்கிட்டானுங்களா?”

“யாரு?”

“மொட்டைங்கதான்! பாறைக்குப் போயிட்டு வந்தியாமே? என்ன குடுத்தானுங்க? ஈரலா?”

“நான் எறும்பு தின்கிறவ, ஈரலை வெச்சு என்ன பண்ணப் போறேன்?” என்று கொத்தாயி கத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினாள்.

“மிரட்டியிருப்பாங்க, பாவம்!” என்றது மந்தி. “முதல்ல எழுதினதுதான் நெசம். அதுல ஒரு வேகம் இருந்துச்சு.”

“பாருங்க, நான் தினமும் குடிக்கிறேன்!” கட்டையன் நெஞ்சை நிமிர்த்தினான். “எனக்கு ஒண்ணுமே...”

பேச்சு அங்கேயே நின்றது. முகம் மாறியது. வாலை இறுக்கிக்கொண்டு புதருக்குள் ஓடினான். புதருக்குள்ளிருந்து வந்த சத்தத்தைப் பற்றிக் கொத்தாயி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு அப்போது மனசில்லை.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஆனாலும் யாரும் மலைப் பக்கம் திரும்பவில்லை. “சாயங்காலம் எல்லாரும் குட்டிகளோட மடுவுக்குப் போறோம். வெயில் தாங்கலை,” என்று புள்ளிமான்கள் பேசிக்கொண்டே கலைந்தன.

கொத்தாயி மரத்தைப் பார்த்தாள். மேலே பெரிய எழுத்து. அதை அழிக்க முடியாது. கொத்தினது கொத்தினதுதான். அதற்கு மேலே கொத்தினால் பள்ளம்தான் பெரிதாகும்.

அவள் மரத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பட்டுப்போன மரம். வருஷக்கணக்காக அவள் கொத்திக் கொத்தி நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. அடியில் கரையான் வேறு. மரத்துக்கு நேர் கீழே, இரண்டு பாறைக்கும் நடுவில், இடுக்கு வழி. மடுவுக்குப் போக வேறு வழி கிடையாது.

பாறை உச்சிக்குப் பறந்தாள்.

“ஐயா, உங்க கமிட்டி மொத்தமும் என் மரத்துல வந்து உக்காரணும். வழிப் பக்கக் கிளையில. உடனே!”

“எதுக்கு?”

“நீங்க எல்லாரும் நல்லா கனமா இருக்கீங்கள்ல, அதுக்கு.”

வெண்கழுத்தார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “உன் பொந்து அதுலதானே இருக்கு? நீ எழுதினது எல்லாம்?”

“ஆமாங்க. வாங்க!”

கொத்தாயி மரத்தின் இடுப்பில் தொற்றிக்கொண்டு கொத்த ஆரம்பித்தாள். எழுத்தாக இல்லை. ஒரே இடத்தில், ஒரே பள்ளமாக. மயில் தோகைச் செய்தி சிதறி விழுந்தது. கரடிக் குறட்டை விழுந்தது. தூள் கண்ணில் அடித்தது. நிறுத்தவில்லை.

கழுகுகள் ஒவ்வொன்றாக வந்து கிளையில் இறங்கின. மரம் முனகியது.

“தள்ளி உக்காருய்யா! என் கால் மேல ஏறுறே!”

“நான் எங்க ஏறுறேன்? கிளைதான் சாயுது!”

கீழ்ப் பொந்திலிருந்து குக்குறுவான் தலையை நீட்டினான். “என்ன பண்றீங்க? இது என் வீடு! கொத்தாயி! உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?”

“வெளிய வா, குக்குறு! மரம் விழப்போகுது!”

தூரத்தில் புள்ளிமான் கூட்டம் வந்துகொண்டிருந்தது. முன்னால் குட்டிகள் துள்ளிக்கொண்டு வந்தன. கொத்தாயி இன்னும் வேகமாகக் கொத்தினாள். அலகின் நுனி உடைந்தது. மரம் சாய்ந்தது; ஆனால் விழவில்லை.

“எல்லாரும் வந்தாச்சா?” என்று கூவினாள்.

வெண்கழுத்தார் எண்ணிப் பார்த்தார். “சுணங்கி எங்க?”

சுணங்கி இன்னும் பாறையிலேயே உட்கார்ந்திருந்தாள். எதற்காகப் போகிறோம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். புரிந்ததும், “ஓ!” என்று சொல்லிவிட்டுப் பறந்து வந்தாள். மெதுவாக, கம்பீரமாக வந்து, கிளை நுனியில் உட்கார்ந்தாள்.

மடார்!

மருத மரம் இடுக்கின் குறுக்கே விழுந்தது. புழுதி எழுந்து அடங்கியபோது, வழி இருந்த இடத்தில் கிளையும் மரமும் சிராயுமாக ஒரு சுவர் இருந்தது. அதன் மேல் இரண்டு எழுத்தும் அருகருகே கிடந்தன. கழுகுகள் மேலே வட்டமிட்டுக்கொண்டு ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. மான்கள் நின்றன. குனிந்து இரண்டையும் படித்தன. ஒரு தாய் மான் வானத்தைப் பார்த்தது, மரத்தைப் பார்த்தது, அலகு உடைந்து தரையில் உட்கார்ந்திருக்கும் கொத்தாயியைப் பார்த்தது.

“தன் வீட்டையே தள்ளிட்டாளே!” என்றது. குட்டியைக் கூப்பிட்டுக்கொண்டு மலைப் பக்கம் திரும்பியது. மற்றவையும் திரும்பின.

கொத்தாயி எழுந்தாள். பஞ்சைத் தேடி எடுத்துக்கொண்டு சுனைக்குப் பறந்தாள்.

அன்றும் மறுநாளும் அவள் ஓயவில்லை. ஒரு சமயம் தண்ணீரோடு வந்தபோது, எள்ளுவுக்குப் பக்கத்தில் வெண்கழுத்தார் நின்றுகொண்டிருந்தார். தலையைச் சாய்த்து எள்ளுவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தாயி பஞ்சோடு பாய்ந்து இறங்கினாள்.

அப்போது சருகுக்குள்ளிருந்து ஈனமாக ஒரு குரல் வந்தது.

“அம்மா, இந்த மொட்டைத் தாத்தா ஏன் என்னையே பாக்குறாரு?”

“பழக்கதோஷம், கண்ணு!” என்று வெண்கழுத்தார் அவசரமாகப் பின்னால் நகர்ந்தார். “உசுரோட எப்படி இருக்கும்னு சும்மா பாக்க வந்தேன்!”

தும்பை அப்போதுதான் அழுதாள்.

மழை வந்தது. மடு நிறைந்து வழிந்து, பழைய தண்ணீரெல்லாம் ஓடிப் போயிற்று. எள்ளு நடந்தாள். ஒரு கால் மட்டும் கொஞ்சம் இழுத்தது. கட்டையன் பாதி உடம்பாகியிருந்தான். மடுவைப் பற்றிய பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவான். குக்குறுவான் வேறு மரத்தில் வீடு பார்த்துக்கொண்டு, “மரம் விழப்போகுது, மரம் விழப்போகுது” என்று மாதக்கணக்கில் கத்தினான். அதில் நல்ல தாளம் இருந்தது.

கொத்தாயியும் வேறு மரம் பார்த்துக்கொண்டாள். அலகு ஒருவாறு தேறியது. ஒரு காலையில் டொக் டொக் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓடி வந்தார்கள்.

“என்ன எழுதுறே, கொத்தாயி? புலி வீட்டுச் சேதியா?”

“பெருசா எழுது! உயரத்துல எழுது!”

அவள் பெரிதாகத்தான் கொத்தினாள். உயரத்தில்தான் கொத்தினாள்.

‘பாதி கேட்டுவிட்டு எழுதாதே. எழுதியது தப்பென்று தெரிந்தால், முதலில் எழுதிய அதே உயரத்தில் அதையும் எழுது.’

அதற்குள் பாறைப் பக்கமிருந்து ஒரு குரல் காற்றில் வந்தது.

“சுணங்கி, மடுத் தண்ணியைப் பத்தி நேத்து நாம சொன்னதுல...”

கொத்தாயி பறந்து போய்ப் பாறை மேலேயே, வெண்கழுத்தாருக்கு நேர் எதிரே, நாற்றத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் சொல்லி முடிக்கிறவரை இருந்து கேட்டாள்.